வலது பாதி பார்க்கவில்லை

கரமனையில் ஒரு கல்யாணப் பந்தி. என் பக்கத்து இலையில் அவர். பெண்ணைப் பெற்றவர் ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "பாயசம் எப்படி? பாயசம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் வழக்கம்போல, "இந்தப் பாயசத்துக்காகவே உங்களுக்கு இன்னும் நாலு பெண் பொறந்திருக்கலாம்" என்று ஒன்றை எடுத்து விட்டேன். மனுஷன் பூரித்துப் போனார். அடுத்த இலைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு விட்ட ரெண்டு கரண்டி நன்னாயிருந்தது."

"அப்போ மீதி?" என்றேன் நான்.

"மீதியை நான் குடிக்கலையே ஓய்."

அண்டாவில் பல்லி கில்லி விழுந்துவிட்டதோ என்று பெண்ணைப் பெற்றவர் சமையல்கட்டுக்கு ஓடினார்.

அவ்வளவுதான் அவர். பார்த்ததைச் சொல்லுவார், அதற்கு மேல் ஒரு எள்ளுக்கூட வாயிலிருந்து வராது. நான் நேர் எதிர். ஒரு எள்ளைப் பார்த்தால் ஒரு செக்கு எண்ணெய் எடுத்துவிடுவேன். அதனாலோ என்னவோ ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். ஒரே தெரு, ஒரே சர்க்கார் ஆபீஸ். அவர் அங்கே மேப் வரைகிற டிராப்ட்ஸ்மேன், நான் டைப்பிஸ்ட். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை ஓய் என்பார். அவர் சம்சாரம் எனக்கு மன்னி. குழந்தைகள் கிடையாது.

அவர் பேரை எழுதப் போவதில்லை. 'என் வண்டுக்கே பேர் இல்லை, எனக்கு எதுக்கு' என்று அவரே சொல்லியிருப்பார். இல்லை, சொல்லியிருப்பார் என்பது தப்பு. அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அடித்துவிடுங்கள்.

வண்டு என்றேனே, அந்தக் கதையின் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அவர் கண்டுபிடித்த வண்டு அச்சில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு.

எங்கள் தெருவில் ஒரு தடவை தேங்காய்ச் சண்டை நடந்தது. கடைசி வீட்டு மரத்துத் தேங்காயை மூன்றாம் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார் என்று வழக்கு. அந்த வழியாகப் போன ஒரே சாட்சி அண்ணா. ரெண்டு கட்சியும் வந்து நின்றது.

"நான் பார்த்தபோ தேங்காய் அவர் கையிலே இருந்தது" என்றார்.

"அப்படிச் சொல்லுங்கோ!" என்றது கடைசி வீடு.

"பக்ஷே கீழேர்ந்து எடுத்தாரா, தன் ஆத்துலேர்ந்தே கொண்டுவந்தாரான்னு பார்க்கலை."

ரெண்டு வீடும் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஒரு வீடாவது பேசியிருக்கும் என்று நான் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். இருக்கும் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆபீஸிலும் அதே கதைதான். பொன்முடிப் பக்கத்து மேப் ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. ஒரு காட்டாறு இந்தப் பக்கம் காட்டுக்குள் நுழைகிறது, அந்தப் பக்கம் வெளியே வருகிறது. நடுவில் ரெண்டு விரற்கடை இடத்தை யாரும் அளக்கவில்லை. அண்ணா அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தார். மேலதிகாரி கூப்பிட்டார்.

"நடுவிலே ஆறுதானே இருக்கும்? ஒரு கோடு போடும்."

"நடுவிலே யாரும் போகலை சார்."

"பின்னே ஆறு பறந்தா போச்சு?"

"அதையும் யாரும் பார்க்கலை சார்."

அண்ணாவுக்கு வரவேண்டிய உத்தியோக உயர்வு அதோடு வேறு ஒருவருக்குப் போயிற்று. "யாரும் போகலையா? நீரே போய்ப் பாரும்" என்று அளக்கிற கோஷ்டியோடு அவரை மலைக்கு அனுப்பினார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள். அவர் ஆற்றைப் பார்த்தார், கோடு போட்டார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு ஈர இலையை நகர்த்தினார். அதனடியில் அது இருந்தது.

ஒரு அரிசி நீளம்கூட இல்லை. எறும்பு என்று யாரும் நசுக்கிவிடுவார்கள். சாதாரண வண்டுக்கு ஓடு முதுகு முழுக்க மூடியிருக்கும் இல்லையா? இதற்கு மார்போடு சரி. வயிறு பூராவும் வெளியே. பயந்தால் வால் பக்கத்தைத் தேள் மாதிரித் தூக்கும். குப்பிக்குள் போட்டுக்கொண்டுவந்து காட்டினார்.

"கல்யாணத்துக்கு இரவல் சட்டை போட்டுண்டு வந்த மாமா மாதிரி இருக்கு" என்றேன்.

என் உவமைகளில் அவர் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அதையும் அளந்துவிட்டுத்தான். "சட்டை நீளம் உடம்பிலே கால் பாகம். சரிதான் ஓய்."

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியார் விட்டுச் சென்ற மைக்ராஸ்கோப் அவரிடம் இருந்தது. வடக்கு ஜன்னலோரம் அதை வைத்துக்கொண்டு, தபாலில் வரவழைத்த புத்தகங்களோடு ரெண்டு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார். நீலகிரியில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் ஆணின் வயிற்றுக்குள், கல்யாண சமாசாரத்துக்கான உறுப்பில்தான் இருக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி ஒவ்வொரு இனத்துக்கும் அது வேறு. அந்தச் சாவியைப் பார்த்து, படம் போட்டு, புது இனம் என்று எழுதினால்தான் உலகம் ஒத்துக்கொள்ளும். மன்னி ஒருநாள் காப்பியோடு வந்து, "இத்தனை நேரமா என்ன பார்க்கறேள்?" என்று கேட்டாள். அவருக்குத்தான் பொய் வராதே, புத்தகத்தில் இருந்த பங்காளியின் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார். மன்னி ஒரு வாரம் அந்த அறைப் பக்கமே வரவில்லை. காப்பி வாசற்படியில் வந்து நின்றது.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஆண். அதற்கப்புறம் எத்தனை இலையைப் புரட்டியும் இன்னொன்று கிடைக்கவில்லை.

கல்கத்தாவில் அச்சாகிற ஒரு பத்திரிகைக்கு இங்கிலீஷில் கட்டுரை. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். நாலே பக்கம், நாலு மாதம் ஆயிற்று. கறுப்புக்குக் கொஞ்சம் குறைவான பழுப்பு என்று அவர் சொன்ன இடத்தில் அழகாக இருக்கட்டும் என்று 'கருங்காலி போல' என்று அடித்து வைத்தேன்.

"கருங்காலிக் கட்டையைப் பக்கத்திலே வச்சுப் பார்த்தீரா?"

"இல்லே அண்ணா."

"பின்னே?"

பக்கம் முழுக்கத் திரும்ப அடித்தேன். எதையாவது பார்க்க முடியாமல் போனால் 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும், அதுதான் அந்தச் சாஸ்திரத்து முறை. பேர் வருகிற இடம் எல்லாவற்றிலும் வெறும் கோடு. பேர் அவர் மனதில் இருந்தது. அச்சாகிறவரை வெளியே சொல்ல மாட்டேன் என்றார்.

இதற்கிடையில் அவர் தெருவில் ஆட்கள் மேல் இடிக்க ஆரம்பித்தார். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. நான் வலது பக்கம் நடந்தால் "எங்கே போனீர்?" என்பார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னா?"

"பார்க்கற வட்டம் சுருங்கிண்டு வரதாம். முதல்லே ஜன்னல் அளவு இருந்தது. இப்போ தாம்பாளம் அளவு. கடைசியிலே ஒண்ணும் இருக்காதாம்."

"எப்போ?"

"அது அவாளும் பார்க்கலை."

நான் சிரிக்கவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. "மைக்ராஸ்கோப்பிலே தெரியறதும் வட்டம்தானே ஓய். என் வட்டம் அதைவிடச் சின்னதா ஆறதுக்குள்ளே படத்தை முடிச்சுடணும்" என்றார். ஆபீஸில் விஷயம் தெரிந்தால் அவரை வரைபடப் பலகை முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். வேலை போவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. படத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களையும் ஆயுதங்களையும் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்பது. நடுவில் யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது.

அஷ்டமியன்று காலையில்தான் அண்ணா அந்த உறுப்பை ஊசிமுனையால் வெளியே எடுத்து, வண்டு ஒட்டியிருந்த அட்டைத் துண்டிலேயே அதன் பக்கத்தில் ஒட்டினார். படம் போட ஆரம்பித்தார். நாலு மணிக்கு வெளிச்சம் சரிந்தபோது இடது பாதி முடிந்திருந்தது.

"வலது பாதி நாளைக்கு" என்றேன்.

"இல்லை. பூஜைக்கு வைக்கப்போறேன்."

நானும் மன்னியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இருபது வருஷமாக அவர் பேனாவைத் தவிர எதையும் பூஜைக்குக் கொடுத்தவரில்லை.

"என்ன அண்ணா திடீர்னு? சரஸ்வதியைப் பார்த்தாச்சா?"

"பார்க்கலை." மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பார்க்காத ஒண்ணை நம்பிப் பார்க்கறேன். கண்ணு விஷயம் ஆக்கும். ரெண்டு நாள்தானே."

அந்தக் குரலில் அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கெஞ்சுகிற குரல்.

மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம். நாலு பக்கக் கட்டுரை, பாதிப் படம், அதன் பக்கத்தில் வண்டுப் பெட்டி. பூச்சி உருண்டை வாடை அம்பாளுக்கு ஆகாது என்று அதை எடுத்துவிட்டார்கள். அம்பாள் பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்து வைத்தார்கள். ஆனால் அண்ணா ஜாக்கிரதைக்காரர். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்டியை வைத்தார். எந்த எறும்பும் நீந்தி வராது.

நான் வீட்டுக்குப் போய், என் பங்குக்கு ஒரு பித்தளைத் தட்டு நிறைய வெல்லம் போட்ட அவல் கொண்டுவந்தேன். இடம் இல்லை. எல்லா இடத்திலும் புஸ்தகம், தட்டு, பழம். தட்டின் ஒரு விளிம்பு சுவர் மாடத்திலும் இன்னொரு விளிம்பு வண்டுப் பெட்டி மேலும் இருக்கிற மாதிரி வைத்துவிட்டு, "உமக்கும் ஒரு பங்கு ஓய்" என்று வண்டைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் நவமி மத்தியானம் போனேன். தெருவே அங்கே நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருந்தது. சுவரோரமாக எறும்புச் சாரி ஒன்று மாடத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் குழந்தைகளை எழுத்துக்கு உக்கார்த்தறதுக்கு முந்தி எறும்பெல்லாம் வந்து உக்காந்துடுத்து" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். அவருக்குச் சாரி தெரியவில்லை.

"எது வரைக்கும் போறது ஓய்?"

"தட்டு வரைக்கும்" என்றேன். அது உண்மைதான்.

"எடுத்துடலாமா?" என்றாள் ஒரு மாமி.

"வெச்சதைத் தொடப்படாது" என்றாள் மன்னி.

நான் கை நீட்டித் தட்டை ஒரு சாண் நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை. என் வாயில் அப்போது அடுத்த ஹாஸ்யம் தயாராகிக்கொண்டிருந்தது. அது என்ன ஹாஸ்யம் என்று இப்போது எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

விஜயதசமி காலையில் பெட்டியைக் கையில் எடுத்தார். குண்டூசி நின்றது. அவர் கையெழுத்தில் இடமும் தேதியும் எழுதின சீட்டு நின்றது. அட்டைத் துண்டில் பசைத் தடமும் ஒரு காலும் இருந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்து, தன் வட்டத்துக்குள் அட்டையின் ஒவ்வொரு மூலையாகக் கொண்டுவந்து பார்த்தார்.

"இல்லை" என்றார்.

மன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். "அவல் தட்டு. நான்தான்... நான்தானே எல்லாத் தட்டும் வெச்சேன்."

ரெண்டு வீட்டிலும் ஒரே கடையில் வாங்கின பித்தளைத் தட்டு, ஒரே மாதிரி அவல். என் தட்டில் என் பேர் எழுதியிருக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் வாய் திறந்து அதிலிருந்து ஒன்றும் வராமல் மூடியது அந்த ஒரு தடவைதான்.

அண்ணா நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து எழுதினார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். 'விஜயதசமி காலை. பெட்டியில் வண்டு காணவில்லை.' எறும்பு என்று எழுதவில்லை.

மன்னி அன்றிலிருந்து வெல்லம் தொடவில்லை. பண்டிகைக்கும் இல்லை, பாயசத்துக்கும் இல்லை. யாரும் சொல்லவில்லை, அவளே விதித்துக்கொண்டது.

"போனாப் போறது அண்ணா, இடது பாதி இருக்கே" என்று ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். "மடிச்சுப் பிடிச்சு வலது பக்கம் அதே மாதிரி போட்டா ஆச்சு. ரெண்டு கை ஒரே மாதிரி, ரெண்டு காது ஒரே மாதிரி. இது மட்டும் என்ன?"

"இந்த வகையிலே சிலதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் கொக்கி இருக்கும், ஒரு பக்கம் இருக்காது."

"நம்ம வண்டுக்கு?"

"பார்க்கலையே."

'வலது பாதி பார்க்கவில்லை' என்று அடியில் எழுதி, பாதிப் படத்தோடு அனுப்பினார். பத்திரிகைக்காரர் மரியாதையாகப் பதில் போட்டார். கட்டுரை மிக நேர்த்தி. ஆனால் பாதிப் படத்தை வைத்துப் புது இனம் என்று போட முடியாது. ஒன்று, வேறு ஆண் பிடித்து அனுப்புங்கள். இல்லையென்றால் வலது பக்கமும் இடது மாதிரிதான் என்று ஒரு வரி உறுதி கொடுத்தால் போதும், அச்சுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு வரி! டைப்ரைட்டரில் அரை நிமிஷ வேலை. கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அதற்குள் அவர் வட்டம் ஒரு ரூபாய் அளவுக்கு வந்திருந்தது. ஆபீஸில் கண்டுபிடித்துப் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணா, ஒரே ஒரு வரி. நான் அடிக்கறேன், நீங்கோ கையெழுத்துப் போடுங்கோ. மதி, அது போதும்."

"எங்கே பஸ்?" என்றார்.

"என்ன பஸ்?"

"மலைக்கு."

மூன்று தடவை போனோம். விதுரா வரை பஸ், அதற்கு மேல் எஸ்டேட் லாரி. முதல் தடவை போனபோதே அவர் தயிர்சாதம் சாப்பிட்ட கரை இல்லை. காட்டை வெட்டித் தேயிலை நட்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கிற திருநெல்வேலிக்காரி ஒருத்தி நாங்கள் குப்பையைச் சலிப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன சாமி தொலைச்சிய?" என்று கேட்டாள்.

"பூச்சி" என்றேன்.

"இங்க பூச்சிக்கா பஞ்சம்? ராத்திரி எங்க லயத்து வீட்டுக்கு வாங்க, எங்க பாய்லயே நூறு கெடக்கு." சொல்லிவிட்டு, அண்ணா கையால் தடவித் தடவி இலையை எடுப்பதைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள். "பள்ளத்துல இன்னும் வெட்டாம கொஞ்சம் காடு நிக்கி. வழுக்கும். அவியள கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அந்தப் பள்ளம்தான் எங்களுக்கு மிச்சம். மன்னியின் மாவுச் சல்லடையில் ஈரக் குப்பையை அள்ளிப் போட்டு வெள்ளை வேஷ்டி மேல் சலிப்பேன். ஓடுகிறதை எல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வாயை வைத்து உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். வாய்க்குள் வராமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய துணி கட்டியிருக்கும். ரெண்டாம் தடவை அது அவிழ்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கறுப்பாக, வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்று ஓடிற்று. உறிஞ்சினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணா.

"முழுங்கிட்டேன்."

"நம்ம வண்டா? பார்த்தீரா?"

"சரியாப் பார்க்கறதுக்குள்ளே உள்ளே போயிடுத்து."

"அப்போ இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். எறும்புக்கு அப்புறம் நான். அந்த இனத்துக்கு எங்கள் தெருவைப்போல் ஒரு சத்ரு வேறு இருந்திருக்க முடியாது. அட்டைகள் ரெண்டு பேர் காலிலும் ரத்தம் குடித்துக்கொண்டிருந்தன. அவர் தன் காலில் இருந்ததைத் தட்டிவிடக்கூட இல்லை. இருப்பது தெரியவில்லையோ, தெரிந்தும் விட்டுவிட்டாரோ.

மூன்றாம் தடவை ஆவணியில். அண்ணாவுக்கு அப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாலு மணி நேரம் சலித்தேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, "ஏதாவது?" "ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிச் சல்லடையில் ஒன்று, அரிசியைவிடச் சின்னது, இரவல் சட்டை, தூக்கின வால். இந்தத் தடவை துணியை மூன்று முடிச்சுப் போட்டிருந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் குப்பி அவர் மடியில் இருந்தது. நான் மனதுக்குள் ஒரு தீர்மானம் பண்ணிக்கொண்டேன். எது எப்படியிருந்தாலும் ஆண் என்று சொல்லிவிடுவது. வலது பக்கம் இடது மாதிரியேதான் என்று சொல்லிவிடுவது. யாருக்குத் தெரியும்? கல்கத்தாவுக்குத் தெரியாது. அண்ணாவுக்குத் தெரியாது. வண்டு வழக்குப் போடாது. நாலு பக்கம் அச்சில் வரும், மன்னி வெல்லம் சாப்பிடுவாள். ஆயுசு பூரா ஒன்றுக்கும் உதவாத பொய் சொன்னவன், ஒரே ஒரு தடவை உதவுகிற பொய் சொன்னால் என்ன? குரலைக்கூட ஒத்திகை பார்த்தேன். "அடடா, அண்ணா!" என்று ஆரம்பிப்பதாக உத்தேசம்.

மறுநாள் காலை, வடக்கு ஜன்னல். அவர் கையால் தடவியே மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் விட்டார். வண்டை மல்லாத்தி வைக்கச் சொன்னார். என்னை முக்காலியில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வயித்தோட கடைசித் தகடு, கீழ்ப்பக்கம். அதன் ஓரத்திலே நடுவிலே ஒரு பிளவு இருந்தா ஆண். இல்லேன்னா பெண். அவசரமில்லை."

குனிந்தேன். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. நாலு மாதம் அதைப் பற்றி டைப் அடித்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. எவ்வளவு நேர்த்தி! ஒவ்வொரு தகட்டிலும் வரிசையாகப் பொன் மயிர். கடைசித் தகடு. அதன் ஓரம்.

"அடடா, அண்ணா..." என்றேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் என்னைத் தாண்டி ஜன்னலில் இருந்தது. அந்த முகத்தில் எந்த அவசரமும் இல்லை, சந்தேகமும் இல்லை. தெருவில் ஒரு குழந்தைகூட என் பேச்சை அப்படி நம்பினதில்லை. நான் என்ன சொல்லுகிறேனோ அதுதான் அவருடைய கண்.

"சொல்லும்."

"பிளவு இல்லே அண்ணா. வழவழன்னு வளைஞ்சிருக்கு."

"நன்னாப் பார்த்தீரா?"

"பார்த்தேன்."

"ஒளியை மாத்திப் பாரும்."

மாற்றிப் பார்த்தேன். "இல்லே."

வெளியே தெருவில் யாரோ வாளியைக் கிணற்றில் விட்டார்கள். அது தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டது.

"சரி. எழுதிக்கும்" என்றார். "பெண். கடைசித் தகட்டின் ஓரம் பிளவில்லை, வளைவு. இதுக்கு முந்தி பெண்ணை யாரும் பார்த்ததில்லை ஓய். நீர்தான் முதல்." அதைச் சந்தோஷமாகவே சொன்னார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கிற்று. "ஆண், வலது பாதி பார்க்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். இனிமே மலை ஏற முடியாது."

எழுதினேன். பென்சில் முனை ஒடிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணா, அந்த அவல் தட்டு நான் வெச்சது. பெட்டி மேலே முட்டுக் குடுத்து வெச்சது நான்தான். மன்னி இல்லை. நான்தான் எறும்புக்குப் பாலம் போட்டு உங்க வண்டைத் தின்னக் குடுத்தேன்."

அவர் மைக்ராஸ்கோப்பின் குழாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எறும்பு தின்னதை நீர் பார்த்தீரா?"

"இல்லே, ஆனா..."

"சாரி எது வரைக்கும் போச்சுன்னு அன்னைக்கே கேட்டேன். தட்டு வரைக்கும்னீர்."

"தட்டு வரைக்கும்தான் பார்த்தேன்."

"பின்னே, தின்னதைப் பார்க்காதவர் அதைச் சொல்லப்படாது." பஞ்சால் கண்ணாடியைத் துடைத்தார். "தட்டை வெச்சதைப் பார்த்தீர். அது பார்த்தது. அதை உள்ளே போய் அவகிட்டே சொல்லும்."

"இப்பவா?"

"பின்னே? பதினோரு மாசமா அவ வெல்லம் திங்கலை."

அந்த அறையிலிருந்து அடுக்களைக்குப் பத்தடி இருக்கும். அளக்கவில்லை. மன்னி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன், தட்டை வைத்ததை மட்டும். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பதினோரு மாசமாவா?" என்றாள்.

தலையாட்டிவிட்டு வாசற்படிப் பக்கம் திரும்பினேன்.

"சொல்லியாச்சா ஓய்?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சு அண்ணா."

"அவ முகம் எப்படியிருக்கு? பார்த்ததைச் சொல்லும்."

திரும்பிப் பார்த்தேன். மன்னி புடவைத் தலைப்பை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் அசைந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, என்னைச் சபிக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

"மூடிண்டிருக்கா அண்ணா. தெரியலை."



"சரி" என்றார். "அப்போ பார்க்கலைன்னு எழுதிக்கும்."